புது ரயில் வாங்குமுன் டிரைவரை இருட்டில் உட்காரவைத்துக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மலேசிய ரயில்பாதைகளுக்காகச் சீனாவிலிருந்து 62 ரயில்களைக் குத்தகைக்கு எடுக்கும் திட்டத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளையும் வாசகர் கருத்துகளையும் விடாமல் படித்து வருகிறேன். இருக்கை எவ்வளவு அகலம், கைப்பேசிக்கு சார்ஜ் போட வசதி உண்டா, சக்கர நாற்காலிக்கு இடம் எங்கே, பட்டர்வொர்த்துக்கு எத்தனை மணி நேரம் என்றெல்லாம் கேட்கிறார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறாரே ஒருவர், அவருக்கு ராத்திரியில் அந்தக் கண்ணாடி வழியாக என்ன தெரியும் என்று யாரும் கேட்டதாக நான் படிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் டிரைவர் இல்லை. ரயில்வேயில் எலக்ட்ரிக்கல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். டீசல் எஞ்ஜின்களின் வயரிங், ஹெட்லைட், கேப் என்று நாங்கள் சொல்லும் டிரைவர் அறையின் விளக்குகள் எல்லாம் என் கைவேலை. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும் டிரைவர்கள் கோளாறை ரிப்பேர் புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பிரேக், கம்ப்ரஸர் சமாசாரம் என்றால் ஒரு வரி எழுதுவதோடு சரி. விளக்கு சமாசாரம் என்றால் மட்டும் ஃபிட்டர் எங்கே என்று என்னைத் தேடிக்கொண்டு வருவார்கள். பேப்பரில் எழுதி விளங்கவைக்க முடியாது, வா காட்டுகிறேன் என்று கையோடு கேப்புக்கு அழைத்துப்போவார்கள். அப்படி ஏறி ஏறி, அவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் இந்த விஷயத்தைத் தெரிந்துகொண்டேன்.

ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்டது விளக்கைக் குறைத்துத் தரும்படிதான். வெளியாட்களுக்கு இது வியப்பாக இருக்கும். வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னல் கண்ணாடி வழியே இருட்டைப் பார்த்தால் நம் முகம்தான் தெரியும். கேப்பிலும் அதே கதைதான். உள்ளே வெளிச்சம் கூடினால் முன் கண்ணாடியில் டிரைவரின் சட்டையும், மேசையில் கிடக்கும் காகிதமும், ஸ்பீடோமீட்டரின் வட்டமும் தெரியும், தண்டவாளம் தெரியாது. இதிலும் கெட்டது, மீட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன பல்பு கண்ணாடியில் பட்டு, சிக்னல் வரப்போகும் உயரத்திலேயே ஒரு புள்ளியாகத் தொங்குவது. மேசையில் ஏதாவது பச்சை விளக்கு எரிந்தால் கண்ணாடியில் அது பச்சை சிக்னல் மாதிரியே நிற்கும். டிரைவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பார். வெளிக்காட்சியை விட்டுப் புள்ளி விலகி நகர்ந்தால் அது நிழல், நகராமல் நின்றால் நிஜம். மழை ராத்திரியில், பின்னால் நூற்றுக்கணக்கான பேரை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் செய்ய வேண்டிய வேலையா இது?

ஐரோப்பிய நாடுகளின் ரயில் விதிகளில் இதற்கென்றே ஒரு வரி இருக்கிறது: வெளியே உள்ள சிக்னலோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக டிரைவர் அறையில் பச்சை விளக்கே கூடாது. சில பழைய சிக்னல் கருவிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த வரியை எழுதியவர் ராத்திரியில் கேப்பில் உட்கார்ந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் டிரைவர்கள் விதிக்காகக் காத்திருக்கவில்லை. சிகரெட் பெட்டியின் அட்டையை வெட்டி மீட்டருக்கு மேல் கூரைபோல் ஒட்டிவைத்தவர் ஒருவர். கறுப்பு டேப்பைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்து, ஏறினதும் வேண்டாத விளக்குகளுக்கெல்லாம் ஒட்டிவிடுகிறவர் இன்னொருவர். வீட்டிலிருந்து நகப்பூச்சு கொண்டுவந்து பல்புக்குச் சிவப்பு பூசியவரும் உண்டு. சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்காது என்று கப்பலில் வேலை செய்த அவருடைய மச்சான் சொல்லியிருக்கிறார். வெளிச்சம் மங்கலாக இருக்கும்வரை சொன்னது சரிதான். ஆனால் வேகக்கட்டுப்பாட்டு நோட்டீசில் யாரோ சிவப்புப் பேனாவால் கோடிட்டு எழுதியிருந்த கிலோமீட்டர் எண், அந்த வெளிச்சத்தில் மறைந்துபோயிற்று. வெறும் வெள்ளைத்தாள்தான் தெரிந்தது. பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, தாள்மேல் மட்டும் விழுகிற மாதிரி கழுத்து வளையும் சின்ன வெள்ளை விளக்கு ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் பொருத்திக் கொடுத்தேன். அதன் ஸ்விட்சைப் பார்க்காமலே தடவிப் போட முடியும். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் கேட்டு வந்தார்கள்.

இந்தத் திருத்தங்களையெல்லாம் பிடிக்காத மேலதிகாரியும் இருந்தார். அட்டையையும் டேப்பையும் பிய்த்துப் போடச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்தது. கேப் அசிங்கமாக இருக்கிறதாம். பிய்த்தோம். அடுத்த வாரமே எல்லாம் திரும்ப ஒட்டியிருந்தன. மனிதர்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப டேப் ஒட்டுகிறார்கள் என்றால் அந்த இடத்தில் ஏதோ தப்பு இருக்கிறது என்று அப்போதே யாராவது கேட்டிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

கேட்டு வருவதில் வயதும் தெரிந்தது. இளம் டிரைவர்களுக்குக் கொஞ்சம் வெளிச்சம் இருந்தாலும் பாதகமில்லை. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குக் கண் திரும்ப நேரமாகும், கூச்சமும் கூடுதல். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு முன் கண்ணாடியின் நிழல் போதாதென்று மூக்குக்கண்ணாடியில் வேறு ஒரு நிழல். அதனால் எல்லாருக்கும் ஒரே அளவு வெளிச்சம் என்று நிர்ணயித்துவிட முடியாது. அவரவர் கண்ணுக்குத் தக்கபடி குறைத்துக்கொள்ள ஒரு திருகு வேண்டும். கடைசியில் முழுக்க அணையவும் வேண்டும்.

என் தகப்பனார் நீராவி எஞ்ஜினில் ஃபயர்மேன். ராத்திரியில் நிலக்கரி போட அடுப்புக் கதவைத் திறந்தால் கேப் முழுக்கத் தீயின் வெளிச்சம் பரவும்; டிரைவர் முகத்தை வெளியே திருப்பிக்கொள்வார், சிக்னல் கிட்டே வரும்போது கதவைத் திறக்கவே விடமாட்டார் என்று அவர் சொல்வார். 1957-இல் இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனியின் டீசல் எஞ்ஜின்கள் மலாயாவுக்கு வந்தபோது, அந்த அடுப்பின் கண்கூச்சம் போனதே பெரிய விடுதலை என்று பழைய ஆட்கள் பேசிக்கொண்டார்களாம். அடுப்பு போய் மீட்டர் விளக்கு வந்தது. இப்போது கம்ப்யூட்டர் திரை வந்திருக்கிறது.

நான் ஒரு முறை கிழக்குக்கரைப் பாதையில் ராத்திரி வண்டியின் கேப்பில் போனதைச் சொல்லியாக வேண்டும். ஓடும்போது மட்டும் அதிர்வில் அணைந்து அணைந்து எரியும் ஒரு ஹெட்லைட். நிறுத்திவைத்துச் சோதித்தால் ஒழுங்காக எரியும். கூடப் போனால்தான் பிடிக்க முடியும் என்று கிம்மாஸில் ஏறினேன். பகாவ், மெந்தகாப் தாண்டி, ஜெராந்துட் வரை ஒன்றும் சிரமமில்லை. அங்கிருந்து கோல லிப்பிஸ் போகும் பாதையில் இரண்டு பக்கமும் காடு, ஆற்றுப்பக்கம் வந்தால் பனிமூட்டம். டிரைவர் சிரம்பான்காரர், என்னைவிட மிகவும் மூத்தவர். ஜெராந்துட்டை விட்டதும் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே வந்தார். பிரேக் கேஜில் மட்டும் ஒரு மங்கல் மிச்சமிருந்தது.

“ஒண்ணுமே தெரியலையேண்ணே” என்றேன்.

“கொஞ்சம் பொறு தம்பி. டார்ச்சக் கீழ பிடி, மேல தூக்காத.”

பொறுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்லைட்டின் வட்டத்துக்கு வெளியேயும் உலகம் தெரிய ஆரம்பித்தது. மரங்களுக்கு நடுவே வானம் ஒரு கோடாகத் தெரிந்தது. வளைவுக்கு அப்பால் வரப்போகும் ஸ்டேஷனின் விளக்கு, நேராகத் தெரிவதற்கு முன்பே இலைகளில் ஒரு லேசான வெளுப்பாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்த்துத்தான் வேகத்தைக் குறைத்தார். கண் இருட்டுக்கு முழுக்கப் பழக அரை மணி நேரம் ஆகும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஒரே ஒரு பளிச்சிடலில் அந்த அரை மணியும் போய்விடும். அந்தப் பாதையில் யானை, மாடு, காட்டுப்பன்றி எதுவும் குறுக்கே வரலாம். கம்பத்து (கிராமத்து) ஆட்கள் மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டுவார்கள். ஹெட்லைட் நேரே முன்னால்தான் அடிக்கும். ஓரத்தில் நிற்பவனைப் பார்ப்பது டிரைவரின் கண்தான்.

பனி இறங்கியதும் ஹெட்லைட்டையே பாதியாகக் குறைத்தார். முழு வெளிச்சம் போட்டால் பனியில் பட்டுத் திரும்பி வந்து கண்ணில் அடிக்கிறது, எதிரே வெள்ளைச் சுவர். சில நாடுகளில் எஞ்ஜினுக்கு உச்சியில் ஒரு விளக்கும், கீழே பஃபர் என்னும் இடிதாங்கியின் மட்டத்தில் இரண்டு பக்கமும் இரண்டு விளக்கும் வைக்கிறார்கள். கீழிருந்து வரும் வெளிச்சம் கண்ணின் கோட்டைவிட்டு விலகி இருப்பதால் அவ்வளவாகத் திரும்பி அடிக்காது. பாதையின் ஓரமும் தெரியும். லெவல் கிராஸிங்கில் நிற்பவர்களுக்கும் மூன்று விளக்கும் முக்கோணமாகத் தெரிவதால் வருவது ரயில்தான் என்பதும், அது நெருங்குகிறது என்பதும் சட்டென்று புரியும். அமெரிக்காவில் மணிக்கு 20 மைலுக்கு மேல் கிராஸிங்கைத் தாண்டும் எஞ்ஜின்களுக்கு 1997 முடிவதற்குள் இதைப் பொருத்தியாக வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள்.

ஸ்டேஷன் வந்ததும் அசிஸ்டன்ட், ஒரு மலாய்ப் பையன், பக்கத்து ஜன்னலைத் திறந்து இடுப்புவரை வெளியே சாய்ந்து, ஒற்றைப் பாதையில் மேலே போக அனுமதியாகக் கொடுக்கும் டோக்கன் வளையத்தை வாங்கினான். திறக்கிற ஜன்னலின் அருமை அப்போது தெரிந்தது. ஏர்கண்டிஷன் வந்த பிறகு செய்த சில வண்டிகளில் பக்கத்து ஜன்னல் சிறிதாகிவிட்டது, சிலவற்றில் திறப்பதே பெரும்பாடு. பின்னால் வண்டியைத் தள்ளிக் கோர்க்கும்போதும், எங்கோ கருகல் வாடை வந்தால் எட்டிப் பார்க்கவும், தண்டவாளத்தைப் பாதை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் கத்துவது காதில் விழவும் அந்த ஜன்னல் வேண்டும். கேமராவும் திரையும் வந்துவிட்டதே என்பார்கள். கேமரா கண்ணாடியில் மழைத்துளி ஒட்டினால் அதை யார் துடைப்பது?

பகலுக்கு வேறு தொல்லை. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் மேற்கே போகும் பாதையில் சாயங்கால வண்டி ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சூரியன் நேரே முகத்தில். சிக்னல் கம்பம் அந்த வெள்ளைக்குள் கரைந்து நிற்கும். காலையில் அதே பாதையில் மேற்கே போனால் சூரியன் முதுகுப்பக்கம் இருந்து சிக்னல் கண்ணாடியில் பட்டு, எரியாத விளக்கும் எரிவதுபோல் காட்டும். இதற்கு நல்ல சூரியமறைப்பு வேண்டும். கனமான தகரப்பலகையை மடக்கிவிடுவது போதாது. பலகை சூரியனை மறைக்கும்போது உயரத்தில் இருக்கும் சிக்னலையும் சேர்த்து மறைத்துவிடும். எங்கள் டிரைவர்கள் விரும்பியது, எந்த உயரத்திலும் நிற்கும், ஊடே ஓரளவு தெரியும் திரைச்சீலை மாதிரியானது. உயரமான ஐரோப்பியருக்கு அளவெடுத்த கேப் ஒன்றில், ஐந்தடி மூன்று அங்குலம் இருந்த எங்கள் டிரைவர் ஒருவர் மறைப்பை முழுக்க இழுத்துவிட்டாலும் சூரியன் அதற்குக் கீழே வந்து கண்ணில் விழும். இருக்கையை உயர்த்தினால் கால் பெடலுக்கு எட்டாது. முதுகுக்குத் தலையணை வைத்து, நுனியில் உட்கார்ந்துதான் அவர் வேலைக்காலம் முழுக்க ஓட்டினார்.

முன் கண்ணாடியின் நடுத்தூணையும் மறக்கக் கூடாது. தூண் கண்ணுக்குக் கிட்டே இருப்பதால், கை அகலத் தூண் தூரத்தில் ஒரு லாரியையே மறைத்துவிடும்.

இதெல்லாம் டிரைவர்கள் கேட்கும் சொகுசு என்று நினைப்பவர்களுக்காக மற்ற நாடுகளின் விதிகளைக் கொஞ்சம் சொல்கிறேன். அமெரிக்க மத்திய ரயில் விதியில், கேப் விளக்கு மீட்டர்களைச் சரியாகப் படிக்கப் போதுமானதாக இருக்க வேண்டும், ஆனால் வெளிச்சம் தேவையான இடத்தில் மட்டும் விழ வேண்டும், பாதையையும் சிக்னலையும் பார்ப்பதற்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. உத்தரவுத் தாளையும் நேர அட்டவணையையும் படிக்க, டிரைவர் சுலபமாகப் போட்டு அணைக்கும் தனி விளக்கும் வேண்டும். நான் ஒரு பட்டறை மூலையில் பொருத்திக் கொடுத்த அந்தக் கழுத்து வளையும் விளக்கு, அங்கே சட்டம். ஐரோப்பிய விதியில் அறையின் பொதுவிளக்கு மேசை மட்டத்தில் 75 லக்ஸுக்குமேல் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) தர வேண்டும், படிக்கும் இடத்துக்குத் தனி விளக்கு 150 லக்ஸுக்குமேல் கூட்டிக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும், மீட்டர்களின் விளக்கு இவற்றோடு சேராமல் தனியாகக் கூட்டிக் குறைக்கும்படி இருக்க வேண்டும். மூன்றுக்கும் மூன்று பிடி. ஒரே ஸ்விட்சில் எல்லாவற்றையும் கட்டிவிடக் கூடாது.

இங்கே ஓர் எலக்ட்ரீஷியனாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய இழை பல்பில் மின்னழுத்தத்தைக் குறைத்தால் வெளிச்சம் மெல்ல மெல்லச் சிவந்து, ஒரு நூலிழை அளவுக்கு இறங்கும். டிரைவர்களுக்கு அது பிடித்திருந்தது. மலிவான எல்.இ.டி. அப்படி இறங்காது, ஓர் அளவுக்குக் கீழே போனால் மினுக்கும், அல்லது சட்டென்று அணைந்துவிடும். நீலம் கலந்த அதன் வெள்ளை, ராத்திரியில் கண்ணை அதிகம் கூசவைக்கும். நல்ல எல்.இ.டி.யும் நல்ல டிம்மரும் கடையில் இல்லாமல் இல்லை. ஆர்டர் எழுதுகிறவர் கேட்டால்தான் கிடைக்கும். “விளக்கைக் குறைக்கும் வசதி உண்டு” என்று ஒரு வரி எழுதினால், மூன்று படியில் குறையும் மட்டமான சாமான்தான் வந்து சேரும்.

என் சொந்தக்காரப் பையன் ஒருவன் இப்போது மின்சார ரயில் ஓட்டுகிறான். தீபாவளிக்கு வந்திருந்தபோது இதைப் பற்றிப் பேச்சு வந்தது. பாடாங் ரெங்காஸுக்கும் தைப்பிங்குக்கும் நடுவே மலைக்குள் போகும் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 39 மீட்டர். நடுப்பகல் வெயிலிலிருந்து அந்த வேகத்தில் இருட்டுக்குள் நுழைந்தால், கண் திரும்புவதற்குள் வண்டி எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த நேரத்தில் முன்னால் இருக்கும் திரைகள் வெயிலுக்கு வைத்த வெளிச்சத்திலேயே எரிந்துகொண்டிருந்தால்? தானே குறைந்துகொள்ளும் திரை சில வண்டிகளில் உண்டு, சிலவற்றில் அது நிதானமாகத்தான் குறைகிறது என்கிறான். ஒரு வண்டியில் கையால் குறைக்கலாம் என்று பார்த்தால், திரைக்குள்ளேயே மெனுவுக்குள் மெனுவாகப் போக வேண்டுமாம். எந்த நாட்டு வண்டி, எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதுவது என் நோக்கமில்லை. கையால் தடவிப் பிடிக்கும் ஒரு திருகு அந்தத் திரைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் போதும். அதை ஒரு டிரைவரிடம் முன்கூட்டிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

என் வேண்டுகோள் இதுதான். புதிய ரயிலின் வரைபடத்தில் கையெழுத்துப் போடுமுன், கேப்பின் முழு அளவு மாதிரியை மரத்திலோ அட்டையிலோ செய்து, உண்மையான கண்ணாடியும் உண்மையான விளக்குகளும் பொருத்தி, ராத்திரியில் ஒரு திறந்தவெளியில் வையுங்கள். குட்டையானவர், நெட்டையானவர், ஓய்வுக்கு நெருங்கியவர், நேற்று லைசென்ஸ் வாங்கியவர், மூக்குக்கண்ணாடி போட்டவர் எல்லாரையும் முறைபோட்டு உட்காரவையுங்கள். தூரத்தில் சிக்னல் விளக்கு ஒன்றை ஏற்றி, எந்த நிழல் எங்கே விழுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர்க்குழாயைத் திருப்பி மழை மாதிரி அடித்து, வைப்பர் எந்த மூலையைத் துடைக்காமல் விடுகிறது என்றும் பாருங்கள். அவர்கள் சொல்வதைக் குத்தகை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வண்டி இறங்கிய பிறகு மேசையை மாற்றுவது எவ்வளவு செலவு, எவ்வளவு தாமதம் என்று பட்டறையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். போக்குவரத்து அமைச்சும் ரயில்வே தொழிலாளர் சங்கமும் மனது வைத்தால் சில ராத்திரிகளில் முடியும் வேலை.

செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. டிரைவர், ஃபயர்மேன், கார்ட், பாயிண்ட்ஸ்மேன், கேங் கூலி என்று ஏதாவது ஒரு வேலையில் ஒருவராவது இருந்திருப்பார். அவர்களில் கேப்பில் உட்கார்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த வண்டியில் எந்த விளக்குக்கு டேப் ஒட்டினீர்கள், எந்த ஜன்னல் உங்களுக்கு உதவியது, எந்தத் தூண் மறைத்தது என்று தங்கள் நாளிதழுக்கு நாலு வரி எழுதிப் போடும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தாங்களும் அதற்கு வாசகர் பக்கத்தில் இடம் ஒதுக்கி, வந்த கடிதங்களைச் சேர்த்துப் போக்குவரத்து அமைச்சுக்கு அனுப்பிவைத்தால் பெரிய உதவியாக இருக்கும். எழுதக் கூச்சப்படுகிறவர்கள் தைப்பூசம், திருவிழா என்று பார்க்கும் இடத்தில் என்னிடம் சொன்னால், நானே எழுதிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே எலக்ட்ரிக்கல் ஃபிட்டர்,
செந்தூல், கோலாலம்பூர்.